கிலோமீட்டர் மாமாவின் ஒரு சாண் நூல்

விமானத்தில் ஒருமுறைகூடக் கால் வைக்காமல் உலகத்து விமான நிலையங்களையெல்லாம் கரைத்துக் குடித்த மனிதர் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் கல்கத்தாவில், டாக்குரியாவில், எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் டெஸ்பாட்ச் கிளார்க். அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் கிலோமீட்டர் மாமா.

ஆயுதம் இரண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன உலக உருண்டை ஒன்று. ஆவணி அவிட்டத்துக்கு வாங்கி மிஞ்சின பூணூல் ஒன்று. உருண்டைமேல் ஊருக்கு ஊர் நூலைப் பிடிப்பார், ஸ்கேலில் வைப்பார், கண்ணை மூடுவார். தூரமும் நேரமும் வந்து விழும்.

கரியாஹாட் மார்க்கெட் கத்தரிக்காய்க்காரர், மகன் துபாய் போகிறான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மாமா பையைக் கீழே வைத்தார். "மூவாயிரத்து முந்நூத்தம்பதுக்கு மேல, தாதா! பாஞ்ச் கண்டா!" தமிழ் கிலோமீட்டர் புரியாவிட்டாலும் வங்காளி ஐந்து மணி நேரம் அவருக்குப் புரிந்தது. தன் சொந்த கிராமத்துக்கு பஸ் அதைவிட அதிகம் எடுக்கும் என்று தெம்பாகிவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில், தை மாதம், என் அக்கா கல்யாணம். மாப்பிள்ளைக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலை, லீவு குறைச்சல். செவ்வாய் ராத்திரி பதினொன்றுக்கு அங்கே விமானம் ஏறுகிறார், இருபத்தைந்து மணி நேரப் பயணம், புதன் நள்ளிரவு இங்கே, வியாழன் காலை ஒன்பதுக்கு முகூர்த்தம். இது அப்பாவும் சம்பந்தியும் சேர்ந்து போட்ட கணக்கு. பத்திரிகை அச்சாகிவிட்டது. முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்து அப்பா கீழே கொண்டுபோனார்.

மாமா தட்டைத் தொடவில்லை.

"இதை நான் வாங்கிக்க மாட்டேன், ஓய்."

"ஏன், என்ன குறை?"

"தாலியை யார் கட்டுவா? பையன் வியாழக்கிழமை மத்தியானம் ஒண்ணரைக்குன்னா டம்டம் ஏர்போர்ட்ல இறங்கறான்!"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "நல்ல காரியத்துக்குக் கூப்பிட வந்தா, வாயில என்ன வார்த்தை வர்றது!"

"அங்க செவ்வாய் ராத்திரி பதினொன்னுன்னா இங்க புதன் மத்தியானம் பன்னண்டரை. உங்க இருபத்தஞ்சு மணி அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கறது, ஓய்!"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினோம். "எங்கப்பா நாள் பார்த்தார், நான் சரின்னேன்" என்று மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் சொல்லிக்கொண்டே டிக்கெட்டைத் தேடி எடுத்தார். பிறகு "ஐயையோ!" என்றது அமெரிக்கா. வந்து சேரும் நேரம் வியாழன் பகல் 1.35.

"அஞ்சு நிமிஷம் தப்பு" என்றார் அப்பா, விட்டுக்கொடுக்காமல்.

"எறங்கறதுக்கு முன்னாடி வட்டம் அடிப்பான், ஓய்!"

டிக்கெட்டை ஒரு நாள் முன்னால் மாற்றினார்கள். ஒன்பது மணி முகூர்த்தத்தில் தாலி ஏறியது. மாமா முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா புறப்பட்ட அன்று டம்டம்மில் அம்மா உடைந்துபோனாள். "பெத்த பொண்ணை பூமிக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டேனே!" பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் என்று கூட வந்திருந்த மாமா எங்கே ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்கு உதறல். ஆனால் முதல் தடவையாக அவர் கிலோமீட்டர் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து, அளந்து வெட்டிய நூலை எடுத்து அம்மா உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு சாண்தான், மாமி."

அம்மா அதைப் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டாள். அக்காவின் போன் வராத நாட்களில் எடுத்து விரித்துப் பார்ப்பாள். மாமா ரிட்டயராகித் திருச்சிக்குப் போனார், ரயிலில்தான். அன்றைக்கு ஹௌராவில் வழியனுப்பப் போன நான், திருச்சிக்கும் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கலாம்.