என் எதிர்ப்புரையைத் திருத்திய வகுப்பு

அன்புத் தங்கை இங்காவுக்கு,

அண்ணன் ஆர்வல் எழுதுவது. நெப்ராஸ்காவில் நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கே மினசோட்டாவில் நீயும் மாப்பிள்ளையும் பனி விழும் முன்பே மாடுகளுக்கு வைக்கோல் சேர்த்து முடித்திருப்பீர்கள்.

நான் தோற்றுவிட்டேன், இங்கா. எங்கள் ஆங்கிலத் துறையில் இலக்கியம் சொல்லித்தரும் நாங்களெல்லாம் மாடியில் இருக்கிறோம். புதுப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதப் பழக்குகிற வேலை மட்டும் கீழே கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் நடக்கும், இளைத்தவர் தலையில் அதைக் கட்டிவிடுவோம். அப்படிக் கட்டப்பட்டவள்தான் டொலோரஸ் பெட்ராக் என்ற இளம் பேராசிரியை. அவள் சும்மா இருக்கவில்லை. மனிதர்கள் எப்படி எழுதக் கற்கிறார்கள் என்பதே தனி ஆராய்ச்சித் துறை, அதில் முனைவர் பட்டப் படிப்பு தொடங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு மூச்சு விடுறதுக்கும் டாக்டர் பட்டம் குடுப்பீங்களாம்மா?" என்று வராந்தாவிலேயே கேட்டேன். "மூச்சு விட வரலைன்னு யாரும் எங்கிட்ட அழலையே சார், எழுத வரலைன்னுதானே அழறாங்க! ஒரு நாள் வகுப்புல வந்து உக்காருங்க, அப்புறம் திட்டுங்க" என்றாள்.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவரவர் எழுதியதை வாசிக்க, மற்றவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். விருந்தாளியும் வாசித்தே ஆகவேண்டுமாம். என் பையில் இருந்ததோ துறைக் கூட்டத்துக்காக நான் எழுதிய எதிர்ப்புரை ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதையே வாசித்தேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிவந்து படிக்கிற டுவைட், "யாரைத் திட்டுறீங்கன்னே புரியல சார், சும்மா சுத்திச்சுத்தி வர்றீங்க" என்றான். பன்றிப் பண்ணைக்காரர் மகள் மார்லீன், "முதல் பக்கத்தைத் தூக்கிடுங்க சார். எங்கப்பா சாப்பாட்டுக்கு முன்னாடி பண்ற ஜெபம் மாதிரி இருக்கு, குழம்பே ஆறிடும்" என்றாள். "அட, உங்க வகுப்புக்கு எதிராத்தாம்ப்பா எழுதியிருக்கேன்!" என்று கத்தினேன். "அது தெரியுது சார். ஆனா எதிர்க்கிறதை ஒழுங்கா எதிர்க்கணும்ல?" என்றான் டுவைட். டொலோரஸ் எட்டிப் பார்த்து, "மூணாவது பத்தியில இன்னும் கொஞ்சம் காரம் போடலாம் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். கோபத்தோடு வீட்டுக்கு வந்து திருத்தினேன், அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே போனேன். என் வாக்கியத்துக்காக இன்னொருவர் அவ்வளவு நேரம் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை, இங்கா.

கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டல் ஓயவில்லை. என் கட்சியில் இருந்த துறைத் தலைவர் கிளிஃபர்ட், "ஆர்வல், நீ பேசி எனக்கு முழுசாப் புரிஞ்சது இன்னைக்குத்தான்யா! எங்கய்யா கத்துக்கிட்டே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுத் தொலைத்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கீழ, அந்தம்மா வகுப்புல" என்றேன். சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. ரகசிய வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டில் அவள் தீர்மானம் ஜெயித்தது. இப்போது அவர்கள் மாடிக்கே குடிவந்துவிட்டார்கள். நாள் முழுக்க என் சுவருக்கு அந்தப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம். ஆனால் காப்பி நன்றாகப் போடுகிறார்கள்.

கர்த்தர் உன் வீட்டையும் தொழுவத்தையும் நிறைவாக வைக்கட்டும்.

உன் அண்ணன்,
ஆர்வல்

பின்குறிப்பு: அந்த ஒரு ஓட்டைப் போட்ட துரோகி யார் என்று கிளிஃபர்ட் இன்னும் தேடுகிறார். நானும் கூடச் சேர்ந்து திட்டிக்கொண்டு திரிகிறேன். நான்தான் போட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே, அவர் வாய் சும்மா இருக்காது.