பில்லியா, பியர்சனா?

யோகமலர் மொன்றியலுக்குப் போகப்போவதில்லை. இது என் முடிவு. மிகவும் உறுதியான முடிவு. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உறுதி போய்விடும்.

யோகமலர் என் மனிசி. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நானில்லாமல் அவள் பிளேன் ஏறியதே இல்லை. கனடாவுக்கு வந்தபோதும் பக்கத்துப் பக்கத்து சீற்றில்தான் வந்தோம். வழியெல்லாம் சத்தி எடுத்தது நான். பையைப் பிடித்தது அவள்.

அப்படிப்பட்டவளுக்குப் போன மாதம் மொன்றியலிலிருந்து ஒரு ரெலிபோன் வந்தது. கூப்பிட்டவள் பெயர் விக்கினேஸ்வரி. பெயரிலேயே விக்கினம். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய நெற்போல் ரீமுக்குக் கப்டனாம். உலகமெல்லாம் சிதறிப்போன ரீமைத் தேடிப்பிடித்துவிட்டாளாம். ஏழு பேரில் ஐந்து பேர் கிடைத்தார்கள். லண்டனிலிருந்து ஒருத்தி, பாரிஸிலிருந்து ஒருத்தி, ஒஸ்லோவிலிருந்து ஒருத்தி. எல்லாரும் மொன்றியலில் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், கூடுகிறார்கள். புருஷன்மாருக்கு அனுமதி இல்லை.

"நெற்போலோ? நீரோ?" என்றேன்.

"ஓம். நான்தான் கோல் ஷூட்டர்."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே!"

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."

அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்ப்பது எனக்கு நல்லதாகப் படவில்லை.

சாப்பாட்டுக்காகத் தடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பிரீசருக்குள் ஒரு கிழமைக்கு அல்ல, ஒரு பங்கருக்குள் பதுங்கியிருக்கவே போதுமான கறி இருந்தது. என் பிரச்சினை வேறு. நான் வீட்டுக்குள் இருந்து ஏதாவது சொன்னால், குசினிக்குள் இருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரவேண்டும். அவள் கேட்கிறாளா இல்லையா என்பது முக்கியமில்லை. அந்த "ம்" இல்லாமல் நான் ஒரு செய்தியும் பார்த்ததில்லை, ஒரு அரசாங்கத்தையும் திட்டியதில்லை.

இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "போகாதையும்" என்றும் சொல்ல முடியாது. நாங்கள் இருக்கிற மார்க்கம் நகரத்தில் எந்தப் புருஷனும் மனிசியிடம் அப்படிச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் அவளுடைய சூட்கேஸைத் தூக்கிக் காரில் வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

ரிக்கெற் போடும் பொறுப்பு எங்கள் மகன் பிரியந்தனுடையது. பிறம்ரனில் லொறிகளை ஊர் ஊராக அனுப்பும் வேலை அவனுக்கு. அம்மாவை அனுப்புவதா கஷ்டம்? ஸ்பீக்கரில் கேட்டான்.

"அம்மா, பியர்சனா, பில்லி பிஷப்பா?"

"அது ஆரடா பில்லி?" நான் இடையில் புகுந்தேன்.

"ஐலண்ட் எயார்போட் அப்பா. டவுன்ரவுனிலை, லேக்குக்குள்ளை. இட்ஸ் ஸோ கியூட்."

"பில்லியெண்டால் சூனியம். சூனியம் வைச்ச இடத்திலை ஆரும் பிளேன் ஏறுவினமோ?"

"பிஷப்பும் பக்கத்திலை நிக்கிறார்தானே. அவர் கழிச்சுவிடுவார்" என்றாள் யோகமலர்.

"அந்தச் சின்னப் பிளேன் காத்துக்கு ஆடும்."

"அப்ப பியர்சன்?"

"பியர்சன் சரியான பெரிசு. நடந்து முடிக்கேக்கை உமக்கு முழங்கால் கழண்டிடும்."

"ஒண்டு பெரிசு, மற்றது சின்னன். அப்ப அம்மா நடந்தே போகட்டோ அப்பா?" என்றான் மகன்.

"சரி, பாப்பம்" என்றாள் யோகமலர். ரெலிபோனை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். எது என்று முடிவு செய்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மூளை இல்லையா?

அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டாள். "இஞ்சாருங்கோ, ஐலண்ட் எயார்போட்டடியிலை கார் விட இடம் இருக்குமோ?"

அதற்கு அடுத்த நாள், "அங்கை படகிலையும் போகலாமாம், தண்ணிக்குக் கீழாலை சுரங்கத்தாலை நடந்தும் போகலாமாம். தெரியுமே?"

தெரிந்துவிட்டது. தீவுதான்.

பக்கத்து வீட்டுச் சூசைதாசன் புல்லு வெட்டிக்கொண்டு நின்றான். வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டேன்.

"சூசை, ஒரு ஊருக்கு ஏன் ரெண்டு எயார்போட்?"

"ஒண்டுக்குப் போறதெண்டு வெளிக்கிட்டு மற்றதுக்குப் போறதுக்குத்தான் அண்ணை" என்றான்.

அவன் பகிடிக்குச் சொன்னான். எனக்கு அது அசரீரி போலக் கேட்டது. தீவுக்கு ஏறவேண்டிய ஆளைப் பியர்சனில் கொண்டுபோய் இறக்கினால் என்ன? ஒன்று நகரத்தின் மேற்கு மூலை, மற்றது ஏரிக்குள். நடுவில் ரொறன்ரோவின் டிராபிக் முழுவதும் கிடக்கிறது. அந்த டிராபிக் என் பக்கம். பிளேன் போய்விடும். யோகமலர் களைத்துப்போவாள். "சரி, வீட்டை போவம்" என்பாள். பழி ஒருவர் மேலும் இல்லை. ரெண்டு எயார்போட் இருக்கிற ஊரில் யாருக்கும் வருகிற மாறாட்டம்.

திட்டத்தைச் சொன்னேன். சூசைதாசன் மெஷினை நிற்பாட்டினான். அவன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன்.

"பிஷப் ஆயரின்ரை எயார்போட்டை விட்டிட்டு மற்றதுக்குப் போறது பாவம் அண்ணை."

"உது அந்த ஆயர் இல்லை. அவர் ஒரு பிளேன் ஓட்டி."

"அப்ப பாவம் இல்லை. ஆனா அக்காவுக்குத் தெரிஞ்சால் நீங்கள் பாவம்."

பயணநாள் வந்தது. எப்போது வெளிக்கிடுவது என்று யோகமலரே சொன்னாள். நான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. சூட்கேஸை நானே தூக்கி வைத்தேன். காரை முதல்நாளே கழுவியிருந்தேன். அவளுக்குத் தேத்தண்ணிகூடப் போட்டுக் கொடுத்தேன். குற்றம் செய்யப்போகிறவனுக்கு வருகிற மரியாதை தனி.

404 நெடுஞ்சாலை தெற்கே இறங்கி 401ஐச் சந்திக்கிற இடத்தில்தான் என் விதி இருந்தது. நேரே போனால் டவுன்ரவுன், ஏரி, தீவு. வலப்பக்கம் பிரிந்தால் பியர்சன். நான் சிக்னல் போடாமல் இருந்தேன். பிறகு, தற்செயலாகக் கை பட்டதுபோல, போட்டேன். கார் வலப்பக்கம் பிரிந்தது.

யோகமலர் கண்ணை மூடிச் சீற்றில் சாய்ந்திருந்தாள். காலில் புதுச் சப்பாத்து. வெள்ளை. இளநீலக் கோடு. போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கியிருப்பாள். எனக்குத் தெரியாமல் எப்போது வாங்கினாள்? வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அடுத்த எக்ஸிற்றில் திரும்பிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அந்த எக்ஸிற் போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போய்விட்டது. நான் விட்டேன் என்று சொல்வதுதான் நேர்மை.

பியர்சனில், வாசலடியில் காரை நிற்பாட்டினேன். நெற்றியில் அடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு முன்னால் பழகிய அடி.

"ஐயோ யோகம்! என்ன வேலை பாத்திட்டன்! பழக்கத்திலை இஞ்சை வந்திட்டனே!"

யோகமலர் கண்ணைத் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"பரவாயில்லை அப்பா."

"என்ன பரவாயில்லை? ஐலண்டுக்கு இனிப் போய்ச் சேர ஏலாது! பிளேன் போயிடும்! வாரும், வீட்டை போவம். அடுத்த வருசம் பாப்பம்."

"வந்தது வந்திட்டம். சூட்கேஸை இறக்குங்கோ."

"இறக்கி?"

அவள் ரெலிபோனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். போடிங் பாஸ். யோகமலர் ஸ்ரீஸ்கந்தராசா. மொன்றியல். பியர்சன். நேரம் தாராளமாக இருந்தது.

"நீர்... ஐலண்டிலையெல்லோ ஏறுறனெண்டனீர்!"

"எப்ப சொன்னனான்? கார் விட இடம் இருக்குமோ எண்டு கேட்டனான். சுரங்கம் இருக்குதாம் எண்டனான். சுரங்கம் இருக்குத்தானே?"

"அப்ப... உமக்குத் தெரியுமோ?"

"ரெண்டு எயார்போட்டுக்கும் நொட்டை சொன்னனியள். கேளாமலே காரைக் கழுவினனியள். தேத்தண்ணி போட்டனியள். அதுவும் எனக்கு. ரிக்கெற் எங்கையெண்டு நேரை சொல்லியிருந்தால் இப்ப நாங்கள் ஏரிக்கரையிலை நிண்டிருப்பம்" என்று சொல்லிச் சிரித்தாள். இறங்கினாள். பிறகு குனிந்து, யன்னலுக்குள்ளால், "மருந்தை ஒழுங்காப் போடுங்கோ அப்பா" என்றாள்.

சூட்கேஸை நான்தான் வாசல்வரை கொண்டுபோனேன்.

வீடு நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. செய்தி பார்த்தேன். பிரதமரைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னேன். பிரிஜ் மட்டும் உறுமியது. கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். நல்ல கறி. நல்லாயிருக்கு என்று சொல்ல ஆளில்லை. இத்தனை வருசத்தில் எத்தனை தரம் அதைச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

கிழமையின் நடுவில் பிரியந்தன் ஒரு வீடியோ அனுப்பினான். மொன்றியலில் ஏதோ ஒரு ஜிம். ஐந்து பெண்டுகள், எல்லோருக்கும் இளநீல ரீசேர்ட். ஒருத்திக்கு மூச்சு வாங்குகிறது. ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடுவில் யோகமலர், அந்த வெள்ளைச் சப்பாத்தோடு. இரண்டு கையாலும் பந்தை எடுத்து, தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு கண்ணைச் சுருக்கி எறிந்தாள். பந்து வளையத்தில் முட்டவே இல்லை. நேரே உள்ளே போய் விழுந்தது. அவள் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள்! அப்படி ஒரு சத்தம் அவளுக்குள் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சூசைதாசனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணை, இவவையோ நீங்கள் மறிக்கப் பாத்தனியள்?" என்றான்.

"பந்து உள்ளுக்குப் போறதைப் பாரும்" என்றேன்.

திரும்பி வருகிற நாளுக்கு முதல்நாள் யோகமலர் ரெலிபோன் எடுத்தாள். "நாளைக்கு ஐலண்டிலைதான் வந்து இறங்குறன். ஏத்த வாங்கோ."

"ஐலண்டோ? சத்தியமாவோ?"

"ஏன் அப்பா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனானோ?" வைத்துவிட்டாள்.

நான் மறுபடி வேலிக்குப் போனேன்.

"சூசை, போகேக்கை ஐலண்டெண்டு நினைக்கப் பண்ணிப்போட்டுப் பியர்சனிலை ஏறினவ. இப்ப ஐலண்ட் எண்டுறா. என்ன அர்த்தம்?"

"ஐலண்ட் எண்டு அர்த்தம்."

"உமக்கு யோகத்தைத் தெரியாது. ஐலண்டெண்டால் பியர்சன். நான் தீவுக்குப் போய் நிண்டு முழிக்க, அவ பியர்சனிலை நிண்டு சிரிக்க வேணும். அதுதான் திட்டம்."

"பிள்ளையைக் கேளுங்கோவன்."

பிரியந்தனைக் கேட்டேன். "அப்பா, ஐ காண்ட். அம்மா ஒண்டும் சொல்லவேண்டாமெண்டவ" என்றான். எனக்கு அது போதும். மறைக்கிறார்கள். அப்படியென்றால் பியர்சன்தான். ஒரு ஆளை ஒருமுறைதான் ஏமாற்றலாம். அதுவும் என்னை.

மறுநாள் மத்தியானம் நல்ல சேர்ட் போட்டேன். வழியில் ஒரு பூக்கடையில் நின்று மஞ்சள் பூங்கொத்து ஒன்று வாங்கினேன். நானாகப் பூ வாங்கியது இதுதான் முதல்தரம். கடைக்காரி "ஹூ இஸ் த லக்கி லேடி?" என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. அவளை இறக்கிவிட்ட அதே ரெர்மினலில், ஆட்கள் வெளியே வருகிற கதவுக்கு நேரே, பூவைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். மொன்றியல் பிளேன் இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டிருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ரெலிபோன் அடித்தது.

"எங்கை அப்பா நிக்கிறியள்?"

"ரெர்மினலிலைதான் நிக்கிறன் யோகம். உமக்கு நேரை. வாரும், வாரும்."

"எந்த ரெர்மினல்?"

"மூண்டு."

"இஞ்சை ஒண்டுதானே இருக்கு."

பின்னால் கடற்புறா ஒன்று கத்தியது. ஏரித் தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தமும் கேட்டது.

"யோகம்... நீர் உண்மையா ஐலண்டிலையோ நிக்கிறீர்?"

"ஓம். சொன்னனான்தானே."

"அப்ப அங்கையே நில்லும். இப்ப வாறன்."

"வேண்டாம், வேண்டாம். என்னை ஏத்தப் பிரியந்தன் வந்திட்டான். நீங்கள் அங்கையே நில்லுங்கோ. ரீமிலை மற்ற நாலு பேரும் பியர்சனிலைதான் இறங்குகினம். ஒரு கிழமை எங்கடை வீட்டிலை. உங்கடை காருக்குள்ளை நாலு பேர்தான் ஏலும். அதுதான் நான் இஞ்சாலை வந்தனான்."

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் உங்களுக்கு முழங்கால் நொந்திருக்கும்."

கதவு திறந்தது. நான்கு இளநீல ரீசேர்ட்டுகள் சூட்கேஸ்களை உருட்டிக்கொண்டு வந்தன. முன்னால் வந்த நெடுவல் உடம்புக்காரி, விக்கினேஸ்வரியாகத்தான் இருக்கவேண்டும், என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். சூட்கேஸை என் பக்கம் தள்ளினாள். ஒஸ்லோக்காரி என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஐயோ, பூ! எங்களுக்கோ அத்தான்?" என்று கையை நீட்டினாள்.

விக்கினேஸ்வரி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தொடாதை. 'பூ வாங்கிக்கொண்டு பியர்சனிலைதான் நிப்பார், பறிச்சுப்போடாதேங்கோ, அது எனக்கு' எண்டு யோகம் மொன்றியலிலையே சொல்லிப்போட்டுத்தான் பிளேன் ஏறினவள்."