கோப்பில் உட்கார்ந்திருக்கும் காகம்

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, நாற்பத்தோராவது டோக்கனாக, பட்டறைக்காரர் சுத்தியல் வாகன ஆய்வு அலுவலகத்தின் வாசலில் தன் பிக்கப் வண்டியை நிறுத்தினார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இருபத்தேழு வருடமாகத் தகரத்தைத் தட்டித் தட்டி அது யாருக்கும் நினைவில் இல்லை.

வண்டிக்கு வயது ஐம்பத்துநான்கு. அப்பா வாங்கியது. ஏழு மாதம் இரவு பகல் பார்க்காமல் அதை அறுத்து, வளைத்து, ஒட்டி, அக்காவுக்கு ஒரு தையற்கடை ஆக்கியிருந்தார். பின்தொட்டியின் இடது சுவரை அறுத்துக் கீல் போட்டதில், இறக்கினால் துணி வெட்டும் மேசை. மேலே தகரக் கூரை. உள்ளே தையல் மெஷினுக்கு வெல்டிங் செய்த இரும்புச் சட்டம், ஆள் உயரக் கண்ணாடி. அக்காவின் கடை இருந்த கட்டடத்தை முப்பதாம் தேதி இடிக்கப் போகிறார்கள். அதற்குள் வண்டி தேறவில்லை என்றால் அக்காவுக்குப் பிழைப்பு இல்லை.

"முப்பதாம் தேதி தாண்டுச்சுன்னா மெஷினை உன் தலைமேல வச்சுதான்டா தைக்கணும்" என்று அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

ஆய்வாளர் வந்தார். கீல், மேசை, கூரை, கண்ணாடி எதையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் தலையை மட்டும் சரிசெய்துகொண்டார்.

"பின்பக்கம் உங்க இஷ்டம். ஐம்பது வயசைத் தாண்டினா பாரம்பரிய வாகனம். முன்பக்கம் முதல் பதிவுப் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும்" என்று கோப்பைத் திறந்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு புகைப்படம். "இடது மட்கார்டுல ஒரு பள்ளம் இருக்கணுமே?"

"இருந்துச்சு சார். ஏழு நாள் உட்கார்ந்து தட்டி எடுத்தேன்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"பள்ளத்தையா சார்?"

"பாரம்பரியத்தை."

சுத்தியல் வாசல் தூணைக் காட்டினார். "பதிவுக்குக் கொண்டுவந்த அன்னிக்கு இந்த ஆபீஸ் தூண்ல இடிச்சுதான் சார் அந்தப் பள்ளமே விழுந்துச்சு. அப்பா சொல்லுவார்."

"அப்படியா? அப்ப அதுல அரசுப் பங்களிப்பும் இருக்கு. கண்டிப்பா வேணும். பதினஞ்சு நாள் அவகாசம்" என்று ஆய்வாளர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

பட்டறைக்குத் திரும்பிய சுத்தியலுக்குத் தொழிலில் முதல்முறையாகக் கை ஓடவில்லை. பள்ளத்தை எடுத்துப் பழகிய கை. ஓங்கி அடித்தால் கிண்ணம் மாதிரி வழவழவென்று அழகான குழி விழுந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். இன்னும் அழகாக விழுந்தது. நான்காம் நாள் அக்கா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னடா இது, குழந்தை கன்னம் மாதிரி இருக்கு?"

"கை கேக்க மாட்டேங்குதுக்கா."

"இதுக்குக் கை போதாதுடா. கோபம் வேணும். அது உன்கிட்ட இல்ல. அந்த ஆபீஸ் கடுதாசியைக் கொஞ்சம் சத்தமா படி."

சுத்தியல் படித்தார். 'மேற்படி பள்ளத்தினை மேற்படி இடத்தில் மேற்படி அளவில் மீள நிறுவி' என்ற இடம் வந்ததும், அக்கா வண்டியிலிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மட்கார்டுமேல் வீசினாள். பழைய பள்ளம் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பிய மாதிரி அப்படியே வந்து உட்கார்ந்தது.

மறுபடி அலுவலக வாசலில், ஆய்வாளர் அடிக்கோல் வைத்து அளந்தார். "மூணு மில்லிமீட்டர் குறைவு. போகட்டும், பொறுத்துக்கலாம். காகம் எங்கே?"

"எந்தக் காகம் சார்?"

ஆய்வாளர் படத்தைத் திருப்பிக் காட்டினார். கேபின் கூரைமேல் ஒரு காகம், இடப்பக்கம் பார்த்தபடி.

"சார், அது பறந்து வந்து உட்கார்ந்த காக்கா."

"கோப்புல பறக்கலையே. உட்கார்ந்துதானே இருக்கு?"

"ஐம்பத்துநாலு வருஷத்துக்கு முந்தின காக்காவை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"நீங்க பட்டறைக்காரர்தானே? நான் எல்லாத்தையும் சொல்லித் தரணுமா?"

தேதி இருபத்தாறு. அக்கா கடைச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். சுத்தியல், தொட்டியிலிருந்து அறுத்தெடுத்த தகரத் துண்டைத் தேடிப் பிடித்தார். இறக்கையை மடித்தார், அலகை அரத்தால் ராவினார், காலை ஆணியில் செய்தார், கறுப்பு அடித்துக் கூரையில் பற்றவைத்தார். வாழ்க்கையில் அவர் செய்த மிக நுணுக்கமான வேலை அதுதான் என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி ஆய்வாளர் காகத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"புதுசா தெரியுதே?"

"தகரம் பழசு சார். இந்த வண்டியோட தொட்டியிலேர்ந்து வெட்டினது."

"அப்ப மூல உதிரிபாகம்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

இரண்டு நாள் இடைவெளியில் அக்காவின் பிழைப்பு தப்பியது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள், வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத காரோடு பட்டறைக்கு வந்தார்.

"அந்தக் காக்கா என்ன மாடல்?"

"காக்கா மாடல்தான் சார்."

"எனக்கும் ஒண்ணு வேணும். பள்ளமும் வேணும். அசல் பள்ளம், பட்டறைப் பள்ளம் இல்ல."

அடுத்த மாதம் ஊரில் பள்ளமும் காகமும் இல்லாத வண்டியை ஓட்டியவர்கள் கொஞ்சம் கூசினார்கள். 'அக்கா கைப்பள்ளம்' என்று கேட்டு வந்தார்கள். அக்காவுக்கு நினைத்த நேரத்தில் கோபம் வருவதில்லை. அதனால் வாடிக்கையாளர் தனக்கு ஏதாவதோர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் கொண்டுவந்து உரக்கப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். கடிதம் இல்லாதவர் என்று ஒருவரும் வரவில்லை. சிலர் கட்டோடு வந்தார்கள். வண்டியிலிருந்த தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடியாகிவிட்டது.

அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. எல்லா வண்டியிலும் காகம் இருப்பதைக் கண்டு, காகம் இல்லாத வண்டிக்காரர்கள் அது ஏன் இல்லை என்று எழுத்துமூலம் விளக்க வேண்டும் எனச் சுற்றறிக்கை அனுப்பியது. விளக்கம் எழுதுவதைவிடக் காகம் வைப்பது எளிது என்று மிச்சமிருந்தவர்களும் பட்டறைக்கு வந்தார்கள். ஒருநாள் ஆய்வாளரே தன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வரிசைல வாங்க சார்" என்றாள் அக்கா. "டோக்கன் நாற்பத்தொண்ணு."

மறு ஆண்டு, புதுப்பித்தலுக்காகப் பிக்கப்பை மறுபடி அலுவலக வாசலில் நிறுத்திப் புதிய படம் எடுத்தார்கள். படம் எடுப்பவர் கண்ணைச் சுருக்கிக் குறிபார்த்த நேரத்தில், எங்கிருந்தோ ஒரு நிஜக் காகம் வந்து தகரக் காகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அதை உற்றுப் பார்த்தது.

"ஒரு நிமிஷம், விரட்டிடறேன்" என்று படம் எடுப்பவர் கையை ஓங்கினார்.

சுத்தியல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார் விரட்டணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். எடுங்க."

பிப்ரவரி 9-ஆம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு அந்தப் படம் கோப்பில் சேர்க்கப்பட்டது. காகங்கள்: இரண்டு. அன்று மாலைக்குள் எழுபத்திரண்டு வண்டிக்காரர்கள் இரண்டாவது காகத்துக்குப் பட்டறையில் பதிவு செய்திருந்தார்கள். வரிசையில் ஆய்வாளர் மூன்றாவது.