பூட்டு அண்ணன் வாய் திறந்த விதம்

பேராக் மாநிலத்தில் எங்கள் பூட்டு அண்ணனைவிடக் குறைவாகப் பேசியவர் யாராவது இருந்தால், அவர் இன்னும் பிறக்காதவராகத்தான் இருக்க வேண்டும். லகாட்டிலிருந்து ஈப்போவுக்கு எங்களை வேலைக்கு ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர் அவர். ஐம்பதை நெருங்கியும் கல்யாணமாகாதவர். முன்சீட்டில் உட்காரும் நான், "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டால் இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பிவிடுவார். ஒருமுறை டயர் வெடித்தது. இறங்கினார், மாற்றினார், ஏறினார். பின்னால் தூங்கிக்கொண்டிருந்த அக்காமார், ஏன் தாமதம் என்று என்னைத்தான் திட்டினார்கள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"இது போக மாட்டேங்குது லா தம்பி. பாரு."

பாதியில் நின்ற செய்தி. தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போனது. சண்டை மீன் வளர்ப்போரின் இணையக் குழுவில் பழக்கமான, கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சரோஜா அக்காவுக்கு எழுதியது. மீனின் வால் அழுகுவதில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போயிருந்தது. கணவர் விட்டுப்போன பிறகும் பழைய பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சோறு வடிப்பதாக அவர் எழுதியிருந்தார். பதிலுக்கு இவர் கொட்டியிருந்தார்: முன்பற்கள் கட்டியவை, லிஃப்டில் ஏறினால் கால் நடுங்கும், அப்பா இறந்த அன்று அழுகை வராததால், அழுவதாக மற்றவர்கள் நினைக்கட்டும் என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"எங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையேண்ணே?"

"நீங்கல்லாம் எதிர்ல இருக்கீங்க. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க மூஞ்சி மாறிடும்."

அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. கண்ணாடியில் என் முகத்தை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

பிறகு, நேரில் பார்க்கலாம் என்று சரோஜா அக்கா எழுதினார். அண்ணனுக்குக் கிலி பிடித்தது.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் தம்பி. பல்லு வரைக்கும் தெரியும்."

"தெரிஞ்சுதானே கூப்பிடறாங்க?"

"அதான் பயமா இருக்கு."

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். சரோஜா அக்கா வந்தார், உட்கார்ந்தார், கரண்டியையே பார்த்தார். அண்ணன் மேசை துடைத்த ஈரத்தைப் பார்த்தார். வாழ்க்கையையே பரிமாறிக்கொண்ட இருவருக்கும், சீனி போதுமா என்று கேட்க வாய் வரவில்லை. நான் மழையைப் பற்றிப் பேசினேன். மழை தீர்ந்ததும் அவர்கள் தொடாத ரொட்டிச் சானாயையும் நானே தின்றேன். சரோஜா அக்கா கைப்பையை எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"வேன்ல ஒரு சுத்து போலாமா?" என்றார் அண்ணன், மேசையிடம்.

அக்கா பின்சீட்டில் ஏறினார். கோப்பெங் சாலையில் ஏறியதும், பாதையைப் பார்த்தபடியே அண்ணன் சொன்னார்: "அந்த வால் அழுகின செவப்பு மீனு செத்துப்போச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க அழுவீங்கன்னு."

"அழுதா நீங்க பாக்கவா போறீங்க?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. நான் தூங்குவதுபோல் நடித்தேன். கோப்பெங் வந்தது, போனது. இருவருமே கவனிக்கவில்லை.

இப்போது சரோஜா அக்கா லகாட்டில்தான் இருக்கிறார், அண்ணன் மனைவியாக. எங்களிடம் அண்ணன் பழைய அண்ணன்தான். ஆனால் போன வாரம், சிவப்பு விளக்கில் நின்றபோது, திரும்பாமலே சொன்னார்: "நேத்து எனக்கு லேசா காய்ச்சல், தம்பி."

பதவி உயர்வு கிடைத்ததுபோல் இருந்தது எனக்கு. அவர் முகத்தைப் பார்க்காமல், நானும் சாலையைப் பார்த்தபடியே சொன்னேன்: "எனக்கும் கொஞ்ச நாளா முதுகு வலிண்ணே."

அடுத்து வந்த வேகத்தடையில் வேன் மெதுவாக, மிக மெதுவாக ஏறி இறங்கியது.