படிக்கப் போன மகன் வள்ளம் வலிக்கிற படம்

இயேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு,
ஆவணி, 2000.

பாசமுள்ள மகன் றெஜிக்கு,

அப்பா அருளப்பு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி டக்சாயினியும் தேக சுகத்தோடு இருக்கிறோம். நீரும் அந்தக் குளிர் நாட்டில் சளி, இருமல் இல்லாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. நிற்க.

நீர் அனுப்பிய படம் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

அது கொழும்புக்கு வந்து, வவுனியாவில் ஒரு மாதம் கிடந்து, ஆமியிடம் பாஸ் எடுத்து வந்த எங்கடை ஊர்த் தில்லைநாதரின் சேட்டுப் பைக்குள் மடிந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. அம்மா செபம் சொல்லிக்கொண்டே உறையைக் கிழித்தா. கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாய் ஒரு படம் வரும், சட்டம் போட்டு மாட்டலாம் என்று நான் சுவரில் ஆணியே அடித்து வைத்திருந்தேன். வந்த படத்தில் என்ன? எட்டுப் பேர் ஒரு ஒல்லி வள்ளத்தில் இருந்து துடுப்பு வலிக்கிறார்கள், உடம்போடு ஒட்டின உடுப்பும் போட்டுக்கொண்டு. மூன்றாவது ஆள் என் மகன். பின்பக்கம் உம்முடைய கையெழுத்தில், “அப்பா, நானும் வள்ளம் வலிக்கிறன்” என்று ஒரு வரி. அவ்வளவுதான். கதிரையில் இருந்தவன்தான், அம்மா தேத்தண்ணி தந்ததும் தெரியாது, அது ஆறினதும் தெரியாது.

மகன், உன்னை அங்கே அனுப்பியது எதற்கு? (கோபத்தில் நீர் போய் நீ வந்துவிட்டது, பொறுத்துக்கொள்.) உன்ர சின்னையா, என்ர தம்பி யாக்கோப்பு, கடலுக்குப் போய்த் திரும்பி வராத அந்தக் கிழமை, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தோனியார் கோயில் வாசலில் முழங்காலில் நின்று நேர்ந்தவன் நான், இந்தப் பிள்ளை கையில் துடுப்பு எடுக்காது என்று. அதனால்தான் களப்பில் இறால் பிடிக்கப் போகப்போறன் என்று நீ அழுதபோதும் விடவில்லை. உன்ர வயதுப் பெடியள் எல்லாம் கரைவலை இழுக்க, நீ ஒருத்தன் குப்பி விளக்கில் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். புலமைப்பரிசில் கிடைத்து, இங்கிலீசு ராசாக்கள் கட்டின சர்வகலாசாலைக்குப் போகிறாய் என்று சாமியார் பூசையிலேயே அறிவித்தார். அங்கே போய் நீ பிடிக்கிறது துடுப்போ? அதுக்கு இஞ்சயே நிண்டிருக்கலாமே, பிளேன் காசும் மிச்சம்.

முந்தி நீ எழுதினதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். இரவுச் சாப்பாட்டுக்குக் கறுப்பு அங்கி போடவேணும் என்றாய். நல்லது, குழம்பு சிந்தினாலும் தெரியாது என்றா அம்மா. சாப்பிட முன்னம் இலத்தீனில் செபம் என்றாய். அதை அவா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா. முற்றம் நிறையப் பச்சைப் புல்லு, அதில் வாத்திமார் மட்டும் நடக்கலாம், படிக்கிற பிள்ளையள் கால் வைக்கக்கூடாது என்றாய். எங்கடை ஆடுகளை நினைத்து எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை.

இந்தப் படத்தை ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். அதற்குள் டக்சாயினி பக்கத்து வீட்டு நேசமலர் அக்காவிடம் காட்டிவிட்டாள். நேசமலர் அக்காவிடம் காட்டினால் கோயில் மணி அடித்தது மாதிரி. பின்னேரம் முற்றம் நிறைய ஆட்கள். பெடியன் சோதினையில் கோட்டை விட்டிட்டான், பள்ளிக்கூடத்தால் கலைச்சுப்போட்டினம், கூலிக்கு வள்ளம் வலிக்கிறான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அக்கா ஆறுதலுக்கு மீன்குழம்பும் கொண்டு வந்தா.

“எட்டுப் பேர் வலிக்கிறாங்கள், வள்ளத்தில ஒரு மீனுமில்லை, வலையுமில்லை. இது என்ன தொழில், அருளப்பு?” என்றார் வள்ளமும் வலையும் சொந்தமாய் வைத்து ஆட்களைக் கூலிக்குக் கடலுக்கு அனுப்புகிற சம்மாட்டி தங்கராசா. “அதுவும் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு!” அது எனக்கும் விளங்கவில்லை. களப்பில் நாங்கள் போகிற பக்கம் பார்த்துத்தான் துடுப்புப் போடுவோம். முன்னுக்கு ஆரின்ர வலை கிடக்குதோ எண்டு பாக்க வேண்டாமோ? வள்ளத்தின் கடைசியில் ஒராள் துடுப்பும் இல்லாமல் குந்திக்கொண்டு வாயைப் பிளந்து கத்துகிறது. அது அங்கத்தைச் சம்மாட்டியின்ர மகனாய்த்தான் இருக்கும் என்றேன். தங்கராசா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஐயோ, அது பொம்பிளைப் பிள்ளையெல்லோ!” என்றார்.

முற்றத்தில் ஆளுக்காள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பொம்பிளை கால் வைத்த வள்ளத்தில் மீன் படாது என்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். “இப்ப விளங்குதோ ஏன் மீனில்லையெண்டு?” என்றார் தங்கராசா. உன்ர அம்மா மட்டும் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தா. “ஒரு பொம்பிளை சொல்ல எட்டு ஆம்பிளையள் கேக்கிறாங்கள். அங்க படிப்பு நல்லாத்தான் நடக்குது” என்று சொல்லிப்போட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

படத்துக்குக் கீழே இங்கிலீசில் இரண்டு வரி அச்சடித்திருக்கிறது. வாசித்துச் சொல்ல ஆளில்லை. சாமியார் வவுனியாவுக்குப் போய்விட்டார். வாத்தியாரின் கண்ணாடி மாரிக்கு முன்னம் உடைந்தது, இந்தப் பக்கம் வேறு கண்ணாடி வரவில்லை. நாட்கூலி எவ்வளவு என்று எழுதியிருக்கும் என்பது தங்கராசாவின் எண்ணம்.

உண்மையைச் சொல்லு மகன். படிப்பு ஏறவில்லை என்றால் பரவாயில்லை. அடிக்கமாட்டேன், அவ்வளவு தூரத்துக்குக் கையும் எட்டாது. ஆனால் மறைக்காதே. உன்ர சின்னையாவைவிட நல்லாய் வலிச்ச ஆள் இந்தக் கரையில் இல்லை. தண்ணி அதைப் பார்த்ததோ? படத்தை எடுக்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு அவன்ர தோள்தான் தெரியுது. பயமாயிருக்குதடா. இந்தக் கடிதம் கண்ட கையோடு துடுப்பைக் கீழே வை. கரைக்கு ஏறு. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாலும் சோறு இருக்குது.

அம்மாவின் முத்தங்களும் டக்சாயினியின் அன்பும், குழம்பு தந்த நேசமலர் அக்காவின் விசாரிப்பும் இத்துடன் வருகின்றன. தேவதாய் உம்மைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
நெஞ்சு பதறும் அப்பா,
அருளப்பு

பி.கு: உறையை ஒட்ட முன்னம் சாமியார் வந்துவிட்டார். இங்கிலீசை வாசித்துவிட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தார். இது கூலி இல்லையாம், ஆற்றில் நடக்கிற போட்டியாம். அங்கே படிக்கிற பெடியளில் திறமானவர்களைத் தெரிந்தெடுத்து வலிக்க விடுகிறது பழைய வழக்கமாம். மேலே எழுதினதையெல்லாம் விட்டுவிடு. நேர்த்தியைப் பற்றியும் அந்தோனியாரோடு கதைத்துவிட்டேன். நேர்ந்தது கடலுக்கு, இது ஆறு. அவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. படம் ஆணியில் ஏறிவிட்டது. ஆனால் சாமியார் மற்ற வரியையும் வாசித்தார். இரண்டாவதாகவோ வந்தனீங்கள்? அருளப்புவின்ர மகன், யாக்கோப்பின்ர பெறாமகன் இருந்த வள்ளம் இரண்டாவதோ? படத்தை வடிவாய்ப் பார்த்தேன். நீ கையால் இழுக்கிறாய். முதுகால் இழுக்கவேணும், சின்னையா அப்படித்தான். அந்தப் பெட்டையை இன்னும் பலமாய்க் கத்தச் சொல்லு. நல்லகாலம், சாமியார் வாசித்தது என் காதில் மட்டும்தான் விழுந்தது. முற்றத்தில் முதலாவது என்றுதான் சொல்லியிருக்கிறேன். வாற வருஷம் அதை உண்மையாக்கிப்போட்டுப் படத்தை அனுப்பு. பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.