நீச்சல் குளத்து மோட்டாரும் என் மின் சிக்கனமும்

கணக்கு சரியாக இருந்தும் அவமானப்பட்டவர்கள் ஊரில் எத்தனை பேரோ தெரியாது. நான் ஒருத்தி. என் கணக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. (நம்பாதவங்க பேப்பர் பென்சிலோட வரலாம்.)

எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டு, பெங்களூர் கன்டோன்மெண்டில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் சேர்ந்திருந்தேன். அங்கே நான்தான் முதல் பெண். அதனால் மற்றவர்கள் வரைந்த படங்களை டிரேசிங் பேப்பரில் நகலெடுக்கும் வேலை. அப்போதுதான் பிரேசர் டவுனிலிருந்து ஒரு காப்பித் தோட்ட முதலாளி, தன் பங்களா நீச்சல் குளத்து மோட்டார் கரண்டை விழுங்குகிறது என்று சொல்லி அனுப்பினார். வேறு ஆள் இல்லாததால் மேனேஜர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“போய்ப் பாரும்மா. ஒழுங்கா முடிச்சா இனிமே வெளி வேலையெல்லாம் உனக்கு. கோட்டை விட்டா டிரேசிங்தான்.”

போனேன், பார்த்தேன், பட்டியல் போட்டேன். (பட்டியல் போடாம நான் பல்லுகூட தேய்க்கமாட்டேன்.) ஒன்று: முதலாளி குளிப்பது காலையில் அரை மணி நேரம். அதற்கு மோட்டார் நாளெல்லாம் ஏன் ஓட வேண்டும்? மூன்றே மணி நேரத்தில் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரு தடவை வடிகட்டப்பட்டுவிடும், அது போதும். இரண்டு: இலைகளை வலையால் அள்ள வேண்டும். மூன்று: தண்ணீரை வடிகட்டும் மணல் தொட்டி அழுக்கில் அடைத்து, மோட்டாருக்கு மூச்சு முட்டுகிறது, மணலைக் கழுவ வேண்டும். இன்னும் நான்கு அம்சங்கள் உண்டு. அவற்றை இதுவரை யாரும் கேட்கவில்லை.

மோட்டார் தோட்டக்காரர் பாஷா பாயின் பொறுப்பு. என் அப்பா வயது. உருது பேசுகிறவர், தமிழ் சுமாராக வரும். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த உருதுவை (ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும்) எடுத்துவிட்டேன். மணலைக் கழுவிய அழுக்குத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும் வால்வைக் காட்டி, “தீன் சுத்து, பாய்” என்றேன். மூன்று சுற்று திறந்தார். கலங்கிய தண்ணீர் போய்த் தெளிந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மேனேஜரின் ஜீப் ஹாரன் அடித்தது.

“சரி பாய், வால்வ சாத்து!” என்று கத்திவிட்டு ஓடினேன்.

“அச்சா!” என்றார்.

மறுநாள் காலை, மோட்டார் மூன்று மணி நேரம் ஓடி முடித்த பிறகு, மேனேஜரைப் பெருமையாக அழைத்துப் போனேன். நீச்சல் உடையில், தோளில் துண்டோடு முதலாளி குளத்து ஏணியின் கடைசிப் படியில் நின்றிருந்தார். கீழே வெறும் தரை. அதில் இரண்டு தவளைகள். பின் சந்தில், சாக்கடை வழியாக வந்த குளத்துத் தண்ணீரில் தெருவே கூடித் துணி துவைத்துக்கொண்டிருந்தது.

“பாய், அந்த வால்வ ஏன் திறந்தீங்க?”

“நீங்கதானே மேடம் ‘ஸாத்’னு சொன்னீங்க? ஸாத்னா ஏழு. ஏழு சுத்து திறந்தேன். கடைசி அரை சுத்து வரவேயில்ல, ஸ்பானர் போட்டுத் திருப்பினேன்.”

“சாத்துன்னா மூடுறது பாய்!”

“மூடுறதுன்னா பந்த்னு சொல்லணும்ல? தீன்னு சொன்னவங்க ஸாத்னு சொன்னா நான் என்னான்னு நெனைக்கிறது?”

முதலாளி ஏணியிலிருந்தபடியே, “ஏம்மா, கரண்ட்டைக் குறைக்கச் சொன்னா குளத்தையே குறைச்சிட்டியே” என்றார். மேனேஜர் சிரித்தார். தவளைகள் மட்டும் மரியாதையாக இருந்தன. மொத்தத் தண்ணீரும் மூன்று மணி நேரத்தில் மோட்டார் வழியாகப் போய்விடும் என்றுதானே எழுதியிருந்தேன்? போய்விட்டதே! இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஒருவராவது கேட்டார்களா?

கேட்கவில்லை. டிரேசிங் மேஜைக்கே திரும்பினேன். கோடை முழுவதும் குளத்தை நிரப்பத் தண்ணீர் கிடைக்காமல் மோட்டார் சும்மா கிடந்தது. மின் கட்டணம் வெகுவாகக் குறைந்ததற்கு முதலாளி எனக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். மேனேஜர் அதை ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி வாசித்தார்.

வீட்டிலாவது நியாயம் கிடைத்ததா? அம்மா சொன்னாள்: “அப்பா வயசு மனுஷன்கிட்ட மரியாதையா ‘சாத்துங்க’ன்னு சொல்லியிருந்தா குளம் தப்பிச்சிருக்கும்ல?”

அது உண்மை. அதனால்தான் ஆத்திரம் ஆறவில்லை. தம்பிக்கு அதுவே போதுமாக இருந்தது. “டேய், கதவ சாத்து” என்றால், எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவிட்டு, இரண்டு ஜன்னல்களையும் சேர்த்துத் திறந்துவைக்கிறான். மழைச் சாரல் வீட்டுக்குள் அடித்தாலும் அசைவதில்லை. என்னைவிட எட்டு வயது சின்னவன். நான் மூக்குச் சிந்திவிட்டு வளர்த்தவன். அவனிடம் நான், “கதவ சாத்துங்க” என்கிறேன்.