மங்குகள் நிரம்பி வழிந்த வாரம்

எனக்கு மெதுவாக ஜெபிக்கத் தெரியாது. இருபத்தைந்து வயதில் எங்கள் சபையில் என்னைவிடச் சத்தமாக ஜெபிக்க ஆளே கிடையாது. ('ஆண்டவருக்குக் காது நல்லாத்தான்டா கேட்கும்' என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.) அந்தத் தொண்டையை நம்பித்தான், மலேசியாவுக்கு ஊழியப் பயணம் கிளம்பிய ஆறு பேரில் என்னையும் சேர்த்தார்கள்.

நாங்கள் போனது நெகிரி செம்பிலானில், கோலா பிலா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு, அதைச் சுற்றிப் பத்திருபது வீடுகள். என்னை ரோஸ் அக்கா வீட்டில் தங்க வைத்தார்கள். அவரும் கணவர் அந்தோணி அண்ணனும் பால்மரம் சீவுகிறவர்கள். மகள் ஜெசிந்தாவின் அறையையும், வீட்டில் இருந்த ஒரே நல்ல மின்விசிறியையும் எனக்குக் கொடுத்துவிட்டு, மூன்று பேரும் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்கள். நானும் வெட்கமே இல்லாமல் விசிறிக்கு நேர் கீழே காலை நீட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய், மரத்தில் கட்டியிருந்த சின்னக் கிண்ணத்தைக் காட்டினார்.

"இதுக்குப் பேரு மங்கு, பிரதர். சீவுனா பால் இதுலதான் வடியும்."

திரும்பி வரும்போது, பேச்சோடு பேச்சாக ஒரு 'லா' போடும் அந்த ஊர் வழக்கத்தோடு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சனிக்கிழமை பிள்ளைய யூனிவர்சிட்டில கொண்டு போய் விடணும். ஹாஸ்டலுக்கு மெத்தை, வாளி, ரைஸ் குக்கர்னு பெரிய லிஸ்டு லா. இந்த மூணு நாளு ஒழுங்கா மரம் சீவிட்டா எல்லாம் வாங்கிருவேன். நீங்க ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க."

"பண்ணிட்டா போச்சுக்கா" என்றேன், ஏதோ ஆண்டவர் என் சித்தப்பா மாதிரி.

இங்கே என் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரிக்காடு. வானத்திலிருந்து நாலு சொட்டு விழுந்தால் குடத்தோடு வாசலுக்கு ஓடுகிற ஜனம் நாங்கள். கல்யாணமோ, புதுவீடோ, பெட்டிக்கடைத் திறப்போ, எங்கள் ஜெபத்தில் மழை வராமல் இருக்காது. அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எங்களுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் மைக் என் கைக்கு வந்தது.

"ஆண்டவரே! வானத்தைத் திறந்துவிடும்! இந்தத் தோட்டத்தின்மேல் மூன்று நாள் விடாமல் மழை பொழியட்டும்! ரோஸ் அக்காவின் மங்குகள் எல்லாம் நிரம்பி வழியட்டும்!"

எங்கள் குழுவின் ஐந்து பேரும் "ஆமென்!" என்று முழங்கினார்கள். தோட்டத்து ஜனங்களிடமிருந்து சத்தமே இல்லை. (புல்லரித்துப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், மடையன்.)

விடியும்போது கூரையே பிய்ந்துவிடும்போல மழை. தூரத்து மரங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அக்கா வேலைச் சட்டையோடு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் கட்டியிருந்த விளக்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

"பிரதர், பசியாறுங்க" என்று தோசையும் நெத்திலிச் சம்பலும் வைத்தார்.

"பாத்தீங்களாக்கா, கேட்டதும் கொடுத்துட்டார்!" என்றேன். "வேலைக்குக் கிளம்பலையா?"

"மழையில மரம் சீவ முடியாது, பிரதர். பாலு தண்ணியோட ஓடிரும்."

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன். "அய்யய்யோ! நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா!"

"ஜெபத்துக்கு நடுவுல எப்படி லா பேசுறது?"

அன்று முழுக்க அறைக்குள் முழங்காலில் நின்று, மழையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். பதிலுக்கு இடி இடித்தது. வியாழக்கிழமை பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா தலையில் பிளாஸ்டிக் தாளோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஜெபம் பண்ணது இந்த ஆளா? பைப்பைத் தொறக்கத் தெரியுது, மூடத் தெரியல. எங்க முனீஸ்வரர்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன் லா. அவரு இது வேற டிப்பார்ட்மெண்டுங்கிறாரு!"

ஜெபவீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். மங்குகள் எல்லாம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. மழைத்தண்ணீரால்.

வெள்ளிக்கிழமையும் மழைதான். மத்தியானம் அக்கா கோழிக்குழம்பு வைத்துக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"எனக்குச் சாப்பாடு வேண்டாம்க்கா. உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டு எப்படிச் சாப்பிடுவேன்?"

அக்காவுக்கு அன்றுதான் கோபம் வந்தது. "மழை பேஞ்சா பேயட்டும். கடல் தாண்டி எங்க வீட்டுக்கு வந்த ஆளு பட்டினி கெடந்தா அதுதான் எனக்கு அசிங்கம். எந்திரிங்க!"

எழுந்து போய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் கூட்டத்தில், எங்கள் குழுவோடு வந்திருந்த போதகர், "இன்றைக்குத் தம்பி ஓய்வு எடுக்கட்டும்" என்று மைக்கை என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். கூட்டம் முடிகிற நேரம், முனியம்மா அக்கா புது மெத்தையைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தலையில் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே ஒருவர் வாளியோடு, இன்னொருவர் கோயில் திருவிழாக் குலுக்கலில் விழுந்த, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத ரைஸ் குக்கரோடு.

"இவரு ஜெபம் பண்ணி நம்ம ரோஸை வீட்டுல உக்கார வச்சுட்டாரு. அப்ப நாமதானே லா பிள்ளைய அனுப்பணும்?" என்றார் முனியம்மா அக்கா. ரோஸ் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஓடினேன். பெட்டியைக் கவிழ்த்ததில் கொடுக்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து ஜெசிந்தாவிடம் நீட்டினேன். அம்மா வாங்கித் தந்த கறுப்புக் குடை.

அன்று அந்தத் தகரக் கூரையின் கீழ் எழுந்த சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஊர் திரும்ப நாங்கள் வேனில் ஏறும்போது சுள்ளென்று வெயில் அடித்தது.

இன்றைக்கும் வீட்டில் நான் ஜெபிக்க வாயைத் திறந்தால், என் மனைவி "அளவு சொல்லிக் கேளுங்க" என்பாள். ஜெசிந்தா இப்போது சிரம்பானில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் தோட்டத்துப் பக்கம் மழையே இல்லை, காட்டுத்தீயால் ஒரே புகைமூட்டம். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தவள் ஜெபவீட்டிலிருந்து வீடியோவில் அழைத்தாள்.

"பிரதர், மரமெல்லாம் காயுது. ஒரு ஜெபம் பண்ணுங்க."

"டைம் சொல்லிக் கேக்கச் சொல்லு லா!" என்று பின்னாலிருந்து முனியம்மா அக்காவின் குரல்.

கண்ணை மூடி, மெதுவாக ஜெபித்தேன். "ஆண்டவரே, மழை வேணும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல. எட்டு மணிக்குள்ள நின்னுரணும். விடியும்போது மரம் சீவுற மாதிரி காஞ்சிருக்கணும்."

"ஆமென்!" என்று இந்தத் தடவை அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் வந்தது. கண்ணைத் திறந்தபோது, ஜெசிந்தா ஜெபவீட்டுக்குள்ளேயே என் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.